ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டணுமா, இணையமே போதாதா?

இரவுப்பணி:

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுதான். என் சித்தி மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அதில் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். முன்பாதி முழுக்க டென்ஸ் அட்டவணை. பின்பாதியில் தமிழ் வாக்கியம், அதற்கு நேராக ஆங்கில வாக்கியம், மனப்பாடம் செய்ய. வகுப்பு நிறைய ஆள் இருப்பதால் அவன் வாய் திறக்க வாய்ப்புக் கிடைப்பதே அபூர்வம் என்கிறான். கட்டணமோ சித்தப்பாவின் ஒரு மாத வருமானத்துக்குப் பக்கத்தில் வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு ராத்திரி முழுக்கப் போனில் பேசுவதுதான் பிழைப்பு. எந்த மையத்துக்கும் போனதில்லை. என் காதைப் பழக்கியது பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் தளம். 1943-இல் வானொலியில் ஆரம்பித்த வேலையை அவர்கள் இன்றும் விடவில்லை. ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ என்று ஒரு நிகழ்ச்சி. இரண்டு பேர் ஏதாவது ஒரு விஷயத்தைப் பேசுவார்கள். ஆரம்பத்தில் ஒரு கேள்வி போட்டுவிட்டு முடிவில் விடை சொல்வார்கள். நடுவில் சில புதிய சொற்கள். பேசியது அதே பக்கத்தில் எழுத்தாகவும் இருக்கும்.

முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பேன். அப்புறம் எழுத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். காதில் விழாத இடங்களையெல்லாம் குறித்துக்கொள்வேன். பாதி இடங்களில் தெரியாத சொல்லே இருக்காது. தெரிந்த சொற்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆள் தெரியாமல் போயிருக்கும். ‘டிட் யூ’ என்று எழுத்தில் இருக்கும், காதில் ‘டிஜு’ என்று விழும். ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ ஒரே மூச்சில் ‘வாட்டய கோயிண்ட டூ’ என்று ஓடிவிடும். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்புறம் அவர்கள் கூடவே அதே வேகத்தில் பேசிப் பார்த்து, போனில் பதிவு செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பேன். ஒரு சொல்லில் மட்டும் சந்தேகம் என்றால் யூகிளிஷ் தளத்தில் அடித்தால் போதும். யூடியூபில் யார் யார் அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறார்களோ அந்த இடத்தையே எடுத்துக் காட்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பிரித்தும் பார்க்கலாம்.

இத்தனையும் இலவசம். ஆகவே என் கட்சி இதுதான்: ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள இன்றைக்கு யாரும் யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

கரும்பலகை:

தம்பி, உங்கள் உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘யாருக்கும் தேவையில்லை’ என்கிறீர்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். நீங்கள் எழுத்தை வைத்துக்கொண்டு கேட்டீர்கள் என்றால் அதற்கு முன்பே உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருந்தது. என் எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு வரியை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்களிடம் ஆறு நிமிட உரையாடலைக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள். எங்கே நின்றோம் என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது.

சரி, இணையப் பாடம் நம் அரசிடம் இல்லையா? இருக்கிறது. 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு அச்சிட்டார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆனால் அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்ய வீட்டில் ஒரு போன் வேண்டும். இருக்கிற ஒரே போன் கொத்தனார் வேலைக்குப் போகும் அப்பாவோடு காலையில் கிளம்பிவிடுகிறது. அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கப் போகிற நேரம். போன் கையில் கிடைத்தாலும் பிள்ளை பிபிசி தளத்துக்கா போகிறது? ‘சரளமாகப் பேச பத்தே வாக்கியம்’ என்று ஒரு நிமிட வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த ஒரு நிமிடத்தில் முக்கால் பங்கு தமிழ் விளக்கம். நாலு வீடியோ பார்த்தால் பிள்ளைக்குப் படித்த நிறைவு வந்துவிடுகிறது. மறுநாள் கேட்டால் ஒரு வாக்கியம்கூட வராது.

உச்சரிப்புக்கு வருகிறேன். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபடாக்ரஃபி’ என்று தொழிலைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும், முதல் அசை தேய்ந்துவிடும். ‘ஃபோட்டகிராஃபிக்’ என்றால் மூன்றாம் அசைக்கு. நம் தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் அதே சொல்தான். அதனால் நம் பிள்ளைகளின் காது இந்த வித்தியாசத்தைத் தேடுவதே இல்லை. எவ்வளவு கேட்டாலும், இந்த இடத்தைக் கவனி என்று பக்கத்தில் ஒருவர் மேசையில் தட்டிக் காட்டும்வரை விழாது. நான் வகுப்பில் தட்டித்தான் காட்டுகிறேன்.

இரவுப்பணி:

ஐயா, உங்கள் வகுப்பில் நீங்கள் தட்டிக் காட்டுகிறீர்கள். எனக்கு யாரும் காட்டவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆங்கில வகுப்பு என்றால் பாடத்தைத் தமிழில் சொல்வார்கள், கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், நாங்கள் நோட்டில் இறக்குவோம்.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், நூறும் எழுத்துத்தான். ஒரு மாணவன் ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசாமல் நூற்றுக்கு நூறு வாங்கலாம். கேட்டுப் புரிந்துகொண்டானா என்று சோதிக்க ஒரு மதிப்பெண்ணும் இல்லை. தேர்வில் இல்லாததை எந்தப் பள்ளியும் நேரம் ஒதுக்கிச் சொல்லித் தராது. அந்தப் பள்ளம்தான் பஸ் ஸ்டாண்டு மையங்களுக்கு வியாபாரம். நான் இணையத்துக்குப் போனது வேறு வழியில்லாமல்தான். வேறு வழியில்லாதவனுக்கு அது வேலை செய்தது என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

கணினித்திண்ணை:

இரவுப்பணி சொல்வதற்கு ஆதாரம் கடலளவு இருக்கிறது. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் சோதனைகளைப் படித்திருப்பீர்கள். 1999-இல் டெல்லி கல்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் துளை போட்டுக் கணினி வைத்தார். பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமல் இணையம் மேயக் கற்றுக்கொண்டார்கள்.

நம் விவாதத்துக்கு அதைவிட நெருக்கமானது அவர் ஹைதராபாத்தில் செய்தது. ஆங்கிலம் படிக்கிற, ஆனால் கெட்டியான தெலுங்கு வாடையில் பேசுகிற பிள்ளைகள். அவர்களிடம் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உள்ள கணினியைக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் பிள்ளைகள் பேசியதற்குச் சம்பந்தமில்லாமல் அது ஏதேதோ தட்டிக் காட்டியது. அதற்குப் புரியும்படி பேசுங்கள் என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை. சில மாதங்களில் அவர்கள் உச்சரிப்பு மாறியிருந்தது. ஆசிரியர் இல்லை. இருபது வருடத்துக்கு முந்திய மென்பொருளே அதைச் செய்தது. இன்றைக்குச் சாதாரண போனில் இருக்கும் குரல் தட்டச்சு அதைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமானது.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் 2022 கடைசியில் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. ராத்திரி இரண்டு மணிக்குப் பேசினாலும் பேசும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றால் அது ‘ஐ ஹேவ்’ என்று திருத்திக் காரணமும் சொல்லும். சிரிக்காது. நம் ஊரில் ஆங்கிலம் பேச முடியாமல் போகிறவர்களில் பெரும்பாலானவர்களை ஊமையாக்குவது பக்கத்தில் இருப்பவன் சிரிப்புத்தான். ஐயா சொன்ன ‘பக்கத்தில் ஒருவர்’ பல சமயம் தடையே.

கரும்பலகை:

கணினித்திண்ணை, மித்ராவைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் மொழி பேசும் பிள்ளைகளின் கதை.

காளிக்குப்பம் என்ற தமிழ் கிராமத்தில் அவர் இன்னொரு சோதனை செய்தார். 2010-இல் ஆய்விதழில் வெளியானது. உயிரித் தொழில்நுட்பப் பாடம், அதுவும் ஆங்கிலத்தில், கணினியில் வைக்கப்பட்டது. பிள்ளைகள் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள். ஆசிரியர் இல்லாமல் தாங்களே முட்டி மோதிச் சுழியத்திலிருந்து சுமார் 30 விழுக்காடு வரை வந்தார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. அப்புறம் என்ன செய்தார்கள்? அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணைக் கூட நிற்கச் சொன்னார்கள். அவருக்கு உயிரித் தொழில்நுட்பம் தெரியாது. ‘அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இன்னொரு தடவை காட்டுங்க’ என்று பின்னால் நின்று கேட்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50 விழுக்காட்டுக்கு ஏறியது.

அதற்கு முன்பே, 2009-இல், பிரிட்டனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளையும் பாட்டிமார்களையும் ஸ்கைப்பில் இந்தியப் பிள்ளைகளோடு பேச வைக்கும் ஏற்பாட்டையும் அவரேதான் தொடங்கினார். கணினியே போதும் என்று நினைத்திருந்தால் பாட்டிகளை எதற்குத் தேடுகிறார்? துளை போட்ட சுவர்களின் கதியும் எல்லா இடத்திலும் நல்லபடியாக முடியவில்லை. உத்தராகண்டில் அல்மோரா பக்கம் போய்ப் பார்த்த பாயல் அரோரா என்ற ஆய்வாளர், அங்கே அவை கைவிடப்பட்டுப் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சிரிப்பைப் பற்றிச் சொன்னது உண்மை. என் வகுப்பில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் சிரிக்கக் கூடாது என்பதைத்தான் ஜூன் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சிரிக்கிற மனிதருக்கு மாற்று, சிரிக்காத மனிதர். எந்திரம் இல்லை.

வார்டு_இரண்டு:

ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் வருவேன், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஸ்டாஃப் நர்ஸ். இப்போது பிரிட்டனில் வேலை. இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி தேர்வில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் ‘பி’, எழுத்தில் ‘சி பிளஸ்’ வேண்டும். இரவுப்பணியும் சரி, ஆசிரியர் சாரும் சரி, ஆளுக்கு ஒரு பாதியைச் சொல்கிறீர்கள்.

கேட்டல் பகுதியை நான் இணையத்தில்தான் முடித்தேன். நோயாளியும் மருத்துவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குறிப்பு எழுத வேண்டும். ஒரு தடவைதான் ஒலிபரப்புவார்கள். அதற்கு யூடியூபில் மருத்துவமனை உரையாடல்களைக் கொஞ்சம் வேகம் குறைத்து ஆரம்பித்து, சாதாரண வேகத்துக்கு வந்து, கடைசியில் ஒரு படி கூட்டி வைத்துக் கேட்டேன். ஸ்காட்லாந்துக்காரர் பேச்சும் வட இங்கிலாந்துக்காரர் பேச்சும் எந்த கோச்சிங் மையத்திலும் கிடைக்காது. இணையத்தில் கிடைத்தது. இங்கே வந்து இறங்கியபோது அதன் அருமை தெரிந்தது.

பேச்சுத் தேர்வு வேறு. நம்மிடம் ஒரு அட்டை கொடுப்பார்கள். எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார். இரண்டு சூழ்நிலை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். இலக்கணமும் உச்சரிப்பும் மட்டும் பார்ப்பதில்லை. நோயாளி பயப்படுகிறாரா, கோபமாக இருக்கிறாரா, அதைக் காதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்கிறோமா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ‘எனக்கு இன்சுலின் வேண்டாம், எங்க அம்மா அதைப் போட்டுத்தான் செத்தாங்க’ என்று எதிரில் ஒருவர் குரல் நடுங்கச் சொல்லும்போது என்ன பதில் சொல்வது? முதல் நாள் பயிற்சியில் நான் இன்சுலினின் நன்மைகளைத்தான் ஒப்பித்தேன். எனக்கு நோயாளியாக நடித்த சீனியர் அக்கா, ‘முதல்ல அம்மாவைப் பத்திக் கேளு’ என்றார். ஐவி போடும் வீடியோ எத்தனை பார்த்திருந்தாலும், முதல் தடவை நரம்பில் ஊசி ஏற்றும்போது பக்கத்தில் ஒரு சீனியர் நிற்கணும். அந்த மாதிரித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுத்தம் பற்றி சார் எழுதியது வெறும் தேர்வு விஷயம் இல்லை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் நம் ஆட்கள் ஒரே மாதிரி சொல்வோம். 15 மில்லிகிராமா 50 மில்லிகிராமா? போனில் மருந்து அளவு வாங்கும்போது ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லித்தான் உறுதி செய்துகொள்கிறோம். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கணினித்திண்ணை:

அக்கா, அந்த நோயாளி வேடத்தை இப்போது செயற்கை நுண்ணறிவே போடும். ‘நீ இன்சுலினுக்குப் பயப்படும் ஐம்பது வயதுப் பெண்மணி’ என்று சொல்லிவிட்டால் போதும். நடித்து முடித்ததும் நம் பேச்சில் என்ன குறை என்றும் சொல்லும். உங்களுக்கு ஒரு சீனியர் அக்கா கிடைத்தார். கிடைக்காதவர்கள் என்ன செய்வது? நான் அவர்களுக்காகப் பேசுகிறேன்.

வார்டு_இரண்டு:

கிடைக்காதவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். நானே தங்கைக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு இடத்தில் ஏமாறாமல் இருக்கணும்.

ஒன்று, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இப்போது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்றீர்கள். அதுதான் சிக்கலே. முன்பின் சொற்களை வைத்து நாம் என்ன சொல்ல வந்தோம் என்று ஊகித்துவிடுகிறது. ‘த ஷீப் லெஃப்ட் த ஹார்பர்’ என்று ஆட்டைச் சொன்னாலும், துறைமுகம் வருகிறதே என்று கப்பலாகவே எழுதிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நம் உச்சரிப்பு சரி என்று நினைத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் அந்தப் பழைய மென்பொருள் உளறியதால்தான் பிள்ளைகள் திருந்தினார்கள். ஆகவே தனிச்சொல்லாகச் சொல்லிச் சோதியுங்கள், வாக்கியத்தில் வைத்துச் சோதிக்காதீர்கள்.

இரண்டு, கடிதம். ஓஇடி எழுத்தில் நோயாளி குறிப்பைப் படித்து இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதணும். 45 நிமிடம், சுமார் 200 வார்த்தை. தங்கை தன் கடிதத்தை உரையாடியில் போட்டாள். அது முழுசாகத் திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டது. அழகாக இருந்தது, ஆனால் அதில் அவள் எழுதிய வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எது தவறு, எது வெறும் நடை மாற்றம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. நான் அதே கடிதத்தை வாங்கி இரண்டே விஷயத்தைக் குறித்தேன். பெறுபவருக்குத் தேவையில்லாத பத்து வருடத்துக்கு முந்திய அறுவைச் சிகிச்சையை ஏன் எழுதினாய், ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் அந்த ‘அபவுட்’ வேண்டாம். அடுத்த கடிதத்தில் இரண்டும் வரவில்லை.

பனங்கீற்று:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ஆங்கிலம்தான் படிப்பிக்கிறேன். எங்கட பக்கத்திலயும் இதே கதைதான். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் மூன்று மொழியிலும் பாடங்கள் கிடக்கின்றன. கொரோனா காலத்தில் வட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்பி, பிள்ளைகள் எழுதிப் படம் பிடித்து அனுப்ப, நான் இரவிரவாகத் திருத்தி அனுப்பினேன். ஒரு வருடம் கழித்து வகுப்பறையில் சந்தித்தபோது எழுத்து பழுதில்லாமல் இருந்தது. வாய் திறக்க வைக்க மட்டும் நான் ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டி வந்தது.

இரவுப்பணி தம்பி கேட்பதில் காட்டிய உழைப்பு எனக்குப் பிடித்திருக்கு. ஆனால் கேட்டால் பேச்சு தானாக வரும் என்பதை ஆராய்ச்சி ஏற்றுக்கொள்ளவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர், புரியக்கூடிய அளவில் நிறையக் கேட்டாலும் வாசித்தாலும் மொழி வந்துவிடும் என்றார். இன்றைக்கு யூரியூப்பில் ‘கேட்டாலே போதும்’ என்று சொல்பவர்கள் எல்லோரும் அவர் வழிதான். அதே நேரம் கனடாவில் மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் வேறொன்றைப் பார்த்தார். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் படிக்கும் பள்ளிகள் அங்கே உண்டு. வருடக்கணக்காக, நாள் முழுக்கப் பிரெஞ்சு காதில் விழுகிறது. கேட்டு விளங்கிக்கொள்வதில் அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுமாறினார்கள். காரணம், அவர்கள் தாங்களாக வாக்கியம் கட்டிப் பேசும்படி வகுப்பில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1985-இல் அவர் இதை எழுதினார். பேச முயன்று, சொல் கிடைக்காமல் முட்டுப்படும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிகிறது.

தம்பிக்கு ஆங்கிலம் வந்தது பிபிசியாலா, அல்லது இரவு முழுக்க வாடிக்கையாளரோடு கதைக்க வேண்டிய கட்டாயத்தாலா? இதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி:

நேர்மையான கேள்வி அக்கா. இரண்டாலும்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். காது பழகியிருக்காவிட்டால் அந்த வேலைக்கான நேர்காணலில் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் புரிந்திருக்காது. வேலை கிடைத்த பிறகு வாய் வேகமாகத் திருந்தியது, அதை மறைக்கவில்லை. வாடிக்கையாளர் ‘சாரி?’ என்று கேட்கும்போதெல்லாம் ஒரு பாடம். என் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் ஒன்றாக இருப்பதை எந்தத் தளமும் சொல்லவில்லை. ‘வெஸ்ட்’ என்று நான் சொன்ன முகவரியைத் திருப்பித் திருப்பிக் கேட்ட ஒரு பெரியவர்தான் கண்டுபிடிக்க வைத்தார்.

ஆக, பேச ஆள் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆள் வேண்டும் என்பதால் காசு கட்ட வேண்டும் என்பதை ஏற்கவில்லை. இரண்டும் வேறு. என் சித்தி மகன் கட்டிய பணத்துக்கு அவனுக்குக் கிடைத்தது ஆள் இல்லை, நோட்டு. அந்த நோட்டில் இருப்பது இணையத்தில் இலவசம்.

கரும்பலகை:

இப்போது நெருங்கி வந்திருக்கிறீர்கள். அந்த மையங்களை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ‘இலவசம்’ என்று நீங்கள் அடிக்கடி சொல்வதில் எனக்குப் பயம் இருக்கிறது.

நான் வகுப்பில் அதிகம் பயன்படுத்தியது ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற அமெரிக்க அரசு வானொலியின் பாடங்கள். 1959-இல் ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்று ஆரம்பித்தார்கள். சுமார் 1,500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கும் எட்டுகிற உயரம் அது. என் ஒன்பதாம் வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஒலி எனக்குக் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஓர் உத்தரவால் அந்த வானொலியின் ஊழியர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். புதுப் பாடங்கள் வருவது நின்றது. வேறொரு நாடு தன் தேவைக்காகக் கொடுக்கும் இலவசம் அந்த நாட்டின் மனநிலையைப் பொறுத்தது. நம் பிள்ளைகளுக்கு, நம் காதுக்கு ஏற்ற வேகத்தில், நம் ஊர் விஷயங்களைப் பேசும் எளிய ஆங்கில ஒலிப்பாடங்களை நாமே தயாரிக்க வேண்டும். கல்வித் தொலைக்காட்சியில் இதைச் செய்ய முடியும். எனக்குத் தெரிந்தவரை அங்கே வருவதில் பெரும்பகுதி பாடப் பகுதியை விளக்குவதுதான். இதில் எனக்கு நிஜமாகவே ஆதங்கம் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், நான் எந்திரங்களுக்கு எதிரி இல்லை. கூகுளின் ரீட் அலாங் செயலியை என் ஆறாம் வகுப்பில் பயன்படுத்துகிறேன். 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது. பிள்ளை சத்தம் போட்டு வாசிக்க வாசிக்க, திரையில் இருக்கும் தியா என்ற பொம்மை கேட்கும். தடுமாறினால் சொல்லிக் கொடுக்கும். கதைகளை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். என் சொந்த போனில் போட்டு, வகுப்பின் ஓரத்தில் ஒவ்வொருவராக உட்கார வைக்கிறேன். எல்லோர் முன்னாலும் வாசிக்கக் கூச்சப்படும் ஒரு பிள்ளை தியாவிடம் முழுக் கதையும் வாசித்தது. அப்புறம் வந்து என்னிடம் ‘சார், நீங்களும் கேக்குறீங்களா?’ என்றது. கேட்டேன்.

கணினித்திண்ணை:

ஐயா, நீங்கள் சொல்வதே என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. தியா இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை உங்களிடம் வந்திருக்காது.

கரும்பலகை:

உண்மை. நான் கேட்காமல் விட்டிருந்தால் அடுத்த கதைக்குப் போயிருக்குமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். தியா அந்தப் பிள்ளையிடம் ‘உனக்கு இந்தக் கதையில் யாரைப் பிடிச்சது?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காது. நான் கேட்டேன். ‘தி டாக்’ என்றது. ‘வொய்?’ என்றேன். யோசித்து யோசித்து ‘இட் கம் பேக்’ என்றது. ‘கேம்’ என்று வர வேண்டும், அதை அப்போது திருத்தவில்லை. எப்போது திருத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு.

பனங்கீற்று:

அந்த இடத்தில் திருத்தாமல் விட்டது சரி. நான் என்றால் ‘ஓ, இட் கேம் பேக்!’ என்று சரியான வடிவத்தில் நானே திருப்பிச் சொல்லியிருப்பேன். பிள்ளையின் கதையும் நிற்காது, காதிலும் சரியானது விழும். சொந்தப் பிள்ளைக்கு வீட்டில் அம்மா தமிழ் படிப்பிப்பதும் இப்படித்தான்.

வார்டு_இரண்டு:

இரவுப்பணி சொன்ன ‘ஆள் வேண்டும், காசு வேண்டாம்’ என்பதற்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். இங்கே இருக்கும் தமிழ் நர்ஸுகள் சில பேர் சேர்ந்து, ஓஇடிக்குத் தயாராகும் ஊர்ப் பிள்ளைகளோடு வாரம் ஒரு தடவை குழு அழைப்பில் பேசுகிறோம். நாங்கள் நோயாளியாக நடிப்போம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறிப்பு எழுதணும், குறுக்கே பேசக் கூடாது. தேர்வு விதிகளும் மாதிரித் தாள்களும் தேர்வு நடத்துபவர்களின் தளத்திலேயே கிடைக்கின்றன, அதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

நைட் ஷிஃப்ட் மாறினால் அழைப்பு தள்ளிப் போகும், அந்தக் குறை உண்டு. நர்ஸ் அல்லாதவர்களுக்கு இதே மாதிரி ஒன்றை இரவுப்பணி ஏன் தொடங்கக் கூடாது? உங்கள் அலுவலகத்தில் தினமும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

இரவுப்பணி:

தொடங்கலாம் அக்கா. எங்கள் டீமில் இரண்டு பேரிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாலை வரத் தயார் என்கிறார்கள். முதல் ஆள் என் சித்தி மகன். ஒரே நிபந்தனை: வருகிறவர்கள் அந்த வாரத்துக்கான ஆறு நிமிட நிகழ்ச்சியை முன்பே இரண்டு தடவை கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்காமல் வந்தால் பேச விஷயம் இருக்காது.

கரும்பலகை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் ஸ்பீக்கரும் மைக்கும் வேலை செய்கிறதா? செய்தால் உங்கள் ஒன்பதாம் வகுப்போடு பகலில் பேச நான் வருகிறேன். எனக்குப் பகலில் தூக்கம் பதினொன்று வரைதான்.

கரும்பலகை:

ஸ்பீக்கர் வேலை செய்கிறது. மைக் இல்லை, என் போனை வைத்துச் சமாளிக்கலாம். வெளியாளைப் பிள்ளைகளோடு பேச வைக்க தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், திங்கட்கிழமை கேட்கிறேன். உங்கள் கட்சியை நான் இன்னும் ஏற்கவில்லை. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ‘இணையம் போதும்’ என்று சொல்ல என்னால் முடியாது. வகுப்பில் அப்படி இருக்கும் பதினைந்து பேரோடு நீங்கள் முதலில் பேசுங்கள். மதியம் இரண்டு மணிப் பீரியட், வியாழன். வேகமாகப் பேசாதீர்கள், ‘டிஜு’வெல்லாம் இரண்டாவது வாரம்.